ஜொகூர்ப் போரும் சக்கரக் குடமும்

வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து கூடும் கட்டைக்குக் குடம் என்பது பெயர். குறடு என்ற பழம்பெயரும் அதற்கு உண்டு. குடத்தின் துளை வழியே செல்வது அச்சு. வண்டிக்காரர் வாயில் அது இருசு. குடம் அச்சை விட்டுக் கழன்று ஓடாதபடி முனையில் செருகப்படும் சிறு இரும்பே கடையாணி. உருவம் கண்டு ஒருவரை இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்காட்டியது பெருந்தேரின் அச்சாணியையே. புறநானூற்று 102-ஆம் பாட்டில் ஔவையார், உப்பு வணிகர் தம் வண்டியின் கீழ்ச் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வதைச் சொல்லி, அதியமான் மகன் பொகுட்டெழினியை அவ்வச்சுக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ மிகுதி, வழியில் மேடு எது, பள்ளம் எது என்று முன்கூட்டி யார் அறிவார்? ஆகவே ஒன்று முறிந்தால் மற்றொன்று கையிருப்பில் இருத்தல் வேண்டும் என்பது அவ்வணிகர் கண்ட பட்டறிவு.

1942-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஜொகூரில் நடந்த போரைப் பற்றி நூல்கள் பல உள. தளபதிகளின் பிழைகள், வானூர்திகளின் பற்றாக்குறை, கடற்படையின் வீழ்ச்சி ஆகியவை அவற்றில் விரிவாகப் பேசப்படுகின்றன. சக்கரத்தைப் பற்றி எழுதுவோர் சிலரே. அவர்களும் ஜப்பானியரின் சைக்கிளைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுவர். உண்மையில் அன்று ஜொகூர்ச் சாலைகளில் எதிரெதிரே உருண்டவை இருவகைக் குடங்கள். ஒன்று, சாலையோரத்துச் சைக்கிள் கடைக்காரர் எவரும் பிரித்துப் பூட்டக்கூடியது. மற்றொன்று, அதற்கென்றே செய்த கருவியும் பயின்ற கையும் இல்லாமல் திறக்க முடியாதது. இவ்வேறுபாடுதான் போரின் முடிவைத் தீர்மானித்தது என்று கூறினால் அது மிகை. ஆயினும், பாரிட் சூலோங் பாலத்தருகே லோரிகளில் கிடந்த காயமுற்றோரின் கதையை, இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது.

சைக்கிளை முதலில் பார்ப்போம். ஜப்பானிய 25-ஆம் படையின் திட்ட அதிகாரியாக இருந்த சூஜி மசனோபு, காலாட்படைப் பிரிவு ஒன்றுக்கு ஏறக்குறைய 500 மோட்டார் வண்டிகளும் 6,000 சைக்கிள்களும் இருந்தன என்று எழுதியுள்ளார். சூஜி தற்பெருமை மிக்கவர். அவர் கூறுவதையெல்லாம் அப்படியே கொள்ளல் ஆகாது. எனினும் இச்செய்தியில் ஐயுறுவதற்கு இடமில்லை. ஒவ்வொரு கம்பெனியிலும் சைக்கிள் பழுது பார்ப்போர் குறைந்தது இருவர் இருந்தனர் என்றும், போருக்கு முன்னரே மலிவான ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவெங்கும் விற்கப்பட்டிருந்தமையால் உதிரிப் பொருள்கள் வழியெல்லாம் கிடைத்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். டயர் கிழிந்தால் வீரர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டினர். இரவில் தார்ச் சாலைமீது எழுந்த அவ்விரும்பு ஒலியைக் கேட்டுப் பீரங்கி வண்டிகள் வருகின்றன என்று எதிர்ப்படையினர் மருண்டதும் உண்டாம்.

சைக்கிள் குடத்தின் அமைப்பு எளியது. நடுவில் மெல்லிய அச்சு. இருபுறமும் கிண்ணம் போன்ற குழி. அக்குழியில் எஃகுக் குண்டுகள். அவற்றை அமுக்கிப் பிடிக்கக் கூம்பு வடிவான ஒரு திருகு. கூம்பு தளராமல் அதன்மேல் ஒரு பூட்டு நட். இரண்டு ஸ்பேனர்கள் இருந்தால் போதும். கூம்பை இறுக்கிச் சற்றே தளர்த்தி, அது நகராமல் பிடித்துக்கொண்டு பூட்டு நட்டை முறுக்கினால் வேலை முடிந்தது. ஊர்ப்புறக் கடைப் பையன் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளும் தொழில் இது.

பார லோரியின் குடமும் இதே குலத்தில் பிறந்ததுதான். ஆனால் தோற்றமும் எடையும் வேறு. அதன் வரலாறும் மோட்டாரிலிருந்து தொடங்கவில்லை, குதிரை வண்டியிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரில் வண்டி செய்து வாழ்ந்த ஹென்றி டிம்கன் என்பார், கூம்புருளைப் பேரிங்குக்கு 1898-இல் காப்புரிமை பெற்றார். வண்டி நேரே ஓடும்போது குடத்தின்மேல் விழுவது பாரம் மட்டுமே. திரும்பும்போதோ, சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் சேர்கிறது. உருளைகளைச் சாய்வாக அமைத்தால் இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கலாம் என்பதே டிம்கன் கண்ட உண்மை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய இராணுவ லோரிகளின் குடங்களுக்குள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இத்தகைய பேரிங்குகள் இருந்தன.

பளு மிகுந்த லோரியின் பின்சக்கரக் குடத்தைக் கழற்றும் முறை தெரிந்தால்தான் அதன் அருமை விளங்கும். முதலில் மற்றச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஜாக்கியால் அச்சைத் தூக்கி, அடியில் உறுதியான கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழைவது அறியாமை. அடுத்து, எஞ்சினின் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் தண்டின் முகத்தகடு குடத்தோடு நட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். நட்டுகளைக் கழற்றித் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் தண்டு தளர்ந்து, நீண்ட ஈட்டி போல் வெளியே வரும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அத்தண்டு அன்று, அதனைச் சூழ்ந்திருக்கும் குழாயே. ஆகையால் தண்டை உருவிய பின்னும் சக்கரம் தன் இடத்தில் நிற்கும்.

உள்ளே தெரிவது பூட்டு நட். அதன் பின்னால் மெல்லிய தகட்டு வளையம் ஒன்று உண்டு. அவ்வளையத்தின் ஓரத்தை மடக்கி விட்டிருப்பார்கள். மடக்கிய ஓரந்தான் நட் தானே சுழன்று தளராமல் காப்பது. பழைய கடையாணியின் வேலையை மோட்டார் யுகத்தில் செய்வது இவ்வளையமே. ஒரு நாணயத்தின் கனங்கூட அதற்கு இராது. மடிப்பை நிமிர்த்தி, வெளி நட், வளையம், சரிப்படுத்தும் உள் நட் ஆகியவற்றை முறையே எடுத்தபின் சக்கரத்தைச் சற்றே அசைத்தால் வெளிப் பேரிங் முன்னே வந்து விழும். பிறகு குடத்தை, பிரேக் டிரம்மோடும் சக்கரத்தோடும் சேர்த்து இழுக்க வேண்டும். ஒரே ஆளால் தூக்க இயலாத எடை. ஆகவே கிரீஸ் தடவிய பலகையைச் சக்கரத்தின் அடியில் இட்டு வழுக்கி இழுப்பது அனுபவசாலிகளின் உபாயம்.

அந்நட்டுகளோ பெரியவை, எண்கோணமாகவோ அறுகோணமாகவோ அமைந்து குழிக்குள் ஆழப் பதிந்திருப்பவை. அவற்றுக்கென்று செய்த குழாய் ஸ்பேனர் வேண்டும். அது இல்லாதவர்கள் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்துத் திருப்புவார்கள். ஒருமுறை அவ்வாறு செய்தால் நட்டின் முனை சிதையும், அடுத்த முறை சரியான ஸ்பேனரும் பிடிக்காது. இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. பல பார லோரிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி; ஓடும் திசையால் நட் தளர்ந்துவிடாதிருக்க அவ்வாறு அமைத்தார்கள். இதை அறியாதவர் முழுப் பலத்தோடு எதிர்த் திசையில் முறுக்கி ஆணியையே ஒடித்துவிடுவர்.

இதனினும் கொடியது இரண்டாகப் பிளந்த ரிம். பிரிட்டிஷ் இராணுவ முறைப்படி செய்த பல வண்டிகளின் சக்கரம், இரு பாதித் தகடுகளை நட்டுகளால் சேர்த்து அமைத்தது. அச்சேர்ப்பு நட்டுகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசினர். டயரில் காற்று இருக்கும்போது சிவப்பு நட்டைத் தொடலாகாது என்பது கட்டளை. மறந்து தொட்டால், உள்ளழுத்தத்தால் தகடு பீரங்கிக் குண்டு போல் பாய்ந்து எதிரே நிற்பவனைக் கொல்லும். சக்கரத்தைக் கழற்றும் நட்டுகள் எவை, ரிம்மைப் பிளக்கும் நட்டுகள் எவை என்று அறிவது அத்தொழிலில் அரிச்சுவடிப் பாடம்.

குடம் வெளியே வந்த பின் நடப்பது தூய்மைப் பணி. பழைய கிரீஸை வழித்தெடுத்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளில் குழியோ நீலம் பாய்ந்த தடமோ உண்டா என்று பார்ப்பர். நீலம் இருந்தால் அது வெந்து போனதன் அடையாளம். தேய்ந்த வளையத்தைப் பித்தளைக் கம்பியால் சுற்றிலும் சமமாகத் தட்டி எடுப்பர். இரும்புக் கம்பி வடுப்படுத்தும். புதிய கிரீஸை உள்ளங்கையில் வைத்து, உருளைகளின் இடுக்குகள் நிறையும்வரை அழுத்தித் திணிப்பர். அளவுக்கு மிஞ்சிய கிரீஸும் தீங்கே. அது சூட்டில் உருகி ஆயில் சீலைத் தாண்டிப் பிரேக்கில் படிந்துவிடும். பின்னர்ப் பிரேக் பிடிக்காது. மீண்டும் பூட்டுகையில், சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்கி, சுழற்சி சற்றே தடைப்பட்டதும் சுற்றில் எட்டில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ பின்வாங்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். இறுக்கம் மிகுந்தால் பேரிங் வெந்து இறுகும். தளர்ச்சி மிகுந்தால் சக்கரம் ஆடி, ஒருநாள் குடமே கழன்று போகும். சைக்கிள் கடைப் பையன் செய்யும் அதே இறுக்கலும் தளர்த்தலுந்தான். இங்கோ பிழைக்கு விலை உயிர்.

ஜொகூரின் மண்ணும் மழையும் இக்குடங்களுக்குப் பகையாயின. ஜனவரி அங்கே பெருமழைக் காலம். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய குடம், வெள்ளம் நின்ற தாழ்விடத்தில் திடீரென மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும் காற்று சீலின் வழியே நீரை உள்ளே இழுக்கும். நீர் கலந்த கிரீஸ் பால் போல் வெளுத்துத் தன் தன்மையை இழக்கும். செம்மண் சேறும் உடன் புகுந்துவிட்டால் அது கிரீஸ் அன்று, சாணைப் பசை. இத்தகைய நாட்டில் குடத்தை அடிக்கடி திறந்து பார்ப்பது கட்டாயம். பின்வாங்கும் படைக்கோ நிற்க நேரமில்லை.

பழுது பார்க்கும் அமைப்பிலும் குறை இருந்தது. வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்ப்பதற்கென்று தனிப் படை அப்போது இல்லை. பிரிட்டிஷ் படையிலும் இந்தியப் படையிலும் பட்டறைகளில் பெரும்பாலானவை ஆர்ட்னன்ஸ் எனப்பட்ட படைக்கலத் துறையின் கீழே, துப்பாக்கி ரவையும் கூடாரத் துணியும் வழங்கும் வேலையோடு ஒன்றாகக் கிடந்தன. கைத்திறன் வாய்ந்தோர் படைகளில் வீணாகச் சிதறிக் கிடக்கின்றனர் என்று வில்லியம் பெவரிட்ஜ் தலைமையில் அமைந்த குழு எடுத்துரைத்த பின்னரே, 1942 அக்டோபரில் பிரிட்டனில் அரச மின்-இயந்திரப் பொறியாளர் படை தோன்றியது. இந்தியாவில் அத்தகைய படை 1943-இல் எழுந்தது. சிங்கப்பூர் வீழ்ந்ததோ 1942 பிப்ரவரி 15-இல். போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து இந்தியப் படையில் சேர்ந்தோருள் மிகப் பலர் ஓட்டுநராகவும் பொறிவினைஞராகவும் பணியாற்றியவர்கள். அவர்களுடைய கைகள் என்ன செய்தன என்பதைப் படை வரலாறுகளில் தேடினால் சில வரிகளே கிடைக்கும். துப்பாக்கி பிடித்தவனுக்குப் பக்கங்களும் ஸ்பேனர் பிடித்தவனுக்கு அடிக்குறிப்பும் ஒதுக்குவது வரலாற்றாசிரியரின் பழைய வழக்கம்.

இனி மூவார்ச் சாலைக்கு வருவோம். மூவார் ஆற்றைக் காக்க நிறுத்தப்பட்ட 45-ஆம் இந்தியப் பிரிகேடு, ராஜபுதனர், ஜாட்டியர், கடுவாலியர் ஆகியோரின் மூன்று பட்டாளங்கள் கொண்டது. மேற்காசியப் பாலைவனத்தை மனத்திற்கொண்டு அவசரத்தில் பயிற்றப்பட்ட இளைஞர்கள் அவர்கள். இரப்பர்த் தோட்டத்தையும் சதுப்பையும் மலாயாவில்தான் கண்டனர். 1942 ஜனவரி 15, 16 நாள்களில் நிசிமுரா தலைமையில் வந்த ஜப்பானிய ஏகாதிபத்தியக் காவற்படை ஆற்றைக் கடந்தது. உதவிக்கு வந்த இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாளங்களோடு எஞ்சியோர் பக்ரியில் போரிட்டனர். பின்வாங்கும் வேளையில் பிரிகேடியர் டங்கன் வீழ்ந்தார். ஆஸ்திரேலியத் தளபதி சார்லஸ் ஆண்டர்சன் தலைமையை ஏற்று, ஜனவரி 20-இல் பக்ரியிலிருந்து பாரிட் சூலோங் நோக்கிப் படையை நடத்தினார். இருபுறமும் சதுப்பு, சாலை ஒன்றே. வழியெங்கும் வெட்டி வீழ்த்திய மரங்களும் கவிழ்த்த வண்டிகளும் தடைகளாகக் கிடந்தன. ஒவ்வொரு தடையையும் துப்பாக்கிமுனைக் கத்தியாலும் கோடரியாலும் நீக்கிக்கொண்டே சென்றனர். லோரிகளில் காயமுற்றோரின் தொகை மணிக்கு மணி பெருகியது.

அங்கே சைக்கிளுக்கும் லோரிக்கும் உள்ள வேற்றுமை வெளிப்பட்டது. சைக்கிள் வீரன் தடையைக் கண்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் வழியே போய்விடுவான். லோரியோ சாலையை விட்டு இறங்கினால் அச்சு வரை புதையும். ஒரு லோரி நின்றால் அதன் பின் வரும் அத்தனையும் நிற்கும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் இறங்கிக் குடங்களைத் தொட்டுச் சூடு பார்க்க வேண்டும் என்று இராணுவக் கையேடுகள் கூறும். பக்ரிச் சாலையில் நிறுத்தங்கள் பல இருந்தன. இறங்குவோர்மீது குண்டுகளும் வந்தன.

ஜனவரி 21-இல் பாரிட் சூலோங் பாலம் ஜப்பானியர் கையில் இருந்தது. பிழைக்க வழியற்ற நிலையிலிருந்த காயமுற்றோரையாவது கடந்துபோக விடுமாறு வேண்டி, இரண்டு மருத்துவ வண்டிகள் பாலத்துக்கு அனுப்பப்பட்டன. ஜப்பானியர் மறுத்துச் சரணடையச் சொன்னார்கள். அவ்வண்டிகள் பாலத்திலேயே தடையாக நிற்க வேண்டும், அசைந்தால் சுடுவோம் என்றும் அறிவித்தனர். இருட்டிய பின், கழுத்திலும் தோளிலும் காயம்பட்டிருந்த ஓர் இளம் அதிகாரியும் ஓட்டுநர் ஒருவரும் வண்டிகளின் பிரேக்கை மெல்லத் தளர்த்தினர். எஞ்சின் ஓசையில்லை, விளக்கில்லை. பாலத்தின் சரிவில் வண்டிகள் தம் பாரத்தாலேயே பின்னோக்கி உருண்டு இறங்கின. சமதரைக்கு வந்ததும் எஞ்சினை முடுக்கி, போரின் பேரிரைச்சலினூடே தம் அணிக்கு மீண்டனர். இந்நிகழ்ச்சியைக் கூறும் நூல்கள் அவ்விருவரின் துணிவைப் போற்றுவது முற்றிலும் தக்கதே. அதனோடு, அந்தக் குடங்கள் ஓசையின்றிச் சுழன்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். வெந்து இறுகிய பேரிங் ஒன்று அன்று அலறியிருந்தால், அல்லது சரிவில் சுழல மறுத்திருந்தால், வண்டிக்குள் கிடந்தவர்கள் அங்கேயே மடிந்திருப்பர். என்றோ ஒரு நாள் பட்டறையில் யாரோ ஒரு தொழிலாளி சுற்றில் எட்டில் ஒரு பங்கு பின்வாங்கி வைத்த நட் அது.

மறுநாள், ஜனவரி 22 காலையில், பீரங்கிகளையும் வண்டிகளையும் பயனற்றவையாக்கிவிட்டு, நடக்கக்கூடியோர் சதுப்பின் வழியே யோங் பெங்குக்குச் செல்லுமாறு ஆண்டர்சன் ஆணையிட்டார். ஏறத்தாழ 900 பேர் தப்பி வந்து சேர்ந்தனர். நடக்க இயலாதோர் வண்டிகளோடு விடப்பட்டனர். ஆஸ்திரேலியர் ஏறக்குறைய 110 பேரும் இந்தியர் ஏறக்குறைய 40 பேரும் ஜப்பானியரால் கொல்லப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அக்குற்றத்துக்காக நிசிமுரா 1951-இல் தூக்கிலிடப்பட்டார். ஆண்டர்சனுக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. சக்கரம் நின்ற இடத்தில் உயிரும் நின்றது. சதுப்பின் வழியே பிறரைச் சுமக்கும் வலு அங்கு எவருக்கும் எஞ்சியிருக்கவில்லை.

ஜனவரி 31 காலையில், கடைசிப் படைகள் சிங்கப்பூருக்குக் கடந்த பின், ஜொகூர்ப் பாலச்சாலை தகர்க்கப்பட்டது. வழிநெடுக விடப்பட்ட லோரிகளுள் ஓடக்கூடியவற்றை ஜப்பானியர் எடுத்துக்கொண்டனர். அவர்களுக்கு அவை அயலானவை அல்ல. ஃபோர்டு நிறுவனம் யோகோஹாமாவில் 1925 முதலும், செவர்லேயைச் செய்யும் ஜெனரல் மோட்டார்ஸ் ஒசாக்காவில் 1927 முதலும் வண்டிகளைப் பூட்டி விற்றன. டொயோட்டாவின் முதல் லோரியும் அவ்விரண்டையும் பார்த்துச் செய்ததே. ஆகவே கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு, செவர்லே இராணுவ லோரிகளின் குடத்தைத் திறக்க அவர்களுடைய பொறிவினைஞருக்குப் புதிய பாடம் தேவைப்படவில்லை.

போர் முடிந்தபின் நிகழ்ந்ததுதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1945 செப்டம்பர் 9-இல் இந்தியப் படைகள் மோரிப், போர்ட்டிக்சன் கடற்கரைகளில் இறங்கியபோது, மோரிப்பின் சேற்று மணலில் பல வண்டிகள் புதைந்து உப்புநீர் குடித்தன. பின்னர், தேவைக்கு மிஞ்சிய இராணுவ லோரிகள் தனியார் கைக்கு வந்தன. காட்டு மரத் தொழிலர் அவற்றின் மேற்கூட்டை வெட்டியெறிந்து, சட்டத்தைக் குறுக்கி, கம்பிவடம் சுற்றும் பொறியைப் பூட்டி, புதியதொரு வண்டியைப் படைத்தார்கள். 'சான் தாய் வோங்' என்ற சீனப் பெயர் அதற்கு வழங்கிற்று. மலையரசன் என்பது பொருள். தீபகற்பக் காடுகளிலும், அவற்றுள் ஒன்றான ஜொகூர்க் காடுகளிலும், பிற வண்டி நுழையாத செங்குத்துச் சரிவுகளிலிருந்து மலையரசன் மரங்களை இழுத்துவந்தது.

காட்டுக்குள் ஆர்ட்னன்ஸ் பட்டறை இல்லை. கையேடு இருந்தாலும் படிப்போர் குறைவு. எனவே குழாய் ஸ்பேனரைப் பழைய இரும்புக் குழாயில் வெட்டி உருவாக்கினர். ஒரு வண்டியின் குடத்தை மற்றொரு வண்டியின் அச்சுக்குப் பொருத்தினர். ஓடாத வண்டி ஒன்றை ஓரமாக நிறுத்தி வைத்து, வேண்டும்போது அதன் உறுப்புகளை எடுத்துக்கொண்டனர். உப்பு வணிகரின் சேம அச்சு இங்கு முழு வண்டியாகவே காத்துக் கிடந்தது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இராணுவ லோரிகள் மீண்டும் ஜொகூரின் செம்மண் சாலைகளில் ஓடின; அப்போதோ, 1942-இல் பட்டறையின் கமுக்கமாக இருந்த அந்தப் பெரிய குடத்தைத் திறக்கத் தெரிந்த கைகள் சாலையோரத்தில் நிறைந்திருந்தன. சீனர், தமிழர், மலாய்க்காரர் ஆகிய முத்தரப்பாரும் அத்தொழிலை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றனர். ஹப், பேரிங், நட் என்பன மும்மொழியாருக்கும் பொதுச் சொற்களாயின. குடம் என்ற நம் சொல் மாட்டு வண்டியோடு பின்தங்கியது.

குடத்தைப் பூட்டிய அன்றே அதனை நம்பிவிடும் வழக்கம் அத்தொழிலில் இல்லை. சில மைல் ஓட்டி, வண்டியை நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு குடத்தின்மீதும் புறங்கையை வைத்துப் பார்ப்பர். இளஞ்சூடாக இருந்தால் பாரம் ஏற்றலாம். கை பொறுக்காத சூடு இருந்தால் மீண்டும் ஜாக்கியை எடுக்க வேண்டியதுதான்.